ஒரே ஒரு விண்மீன்: சிரியஸா, சுவாதியா, ஆதிரையா, அல்காலா?

நல்ல இருட்டில், முழு வானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், வெறும் கண்ணுக்குத் தென்படக்கூடிய விண்மீன்கள் ஏறத்தாழ 9,000. அவற்றுள் ஒன்றை மட்டும் தனக்குப் பிடித்ததாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலானோர் மிகப் பிரகாசமானதையோ பெயர் பழகியதையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவர். தேர்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்பது என் எண்ணம். தொலைநோக்கி கண்டுபிடித்துத் தந்த பெருமையைக் கடன் வாங்காமல், கண் ஒன்றையே துணையாகக் கொண்டு பார்ப்பவருக்கு ஒரு விண்மீன் என்ன காட்டுகிறது, அதை மறுபடியும் போய்ப் பார்க்க வைக்கும் காரணம் எது என்பதே அந்த அளவுகோல். இதை வைத்து உரசிப் பார்த்தால், வழக்கமாக முன்வரிசையில் நிற்பவை சில பின்னுக்குப் போகின்றன.

முதலில் சிரியஸ். இரவு வானின் விண்மீன்களில் இதுவே மிகப் பிரகாசமானது. இதன் பொலிவெண் −1.46. (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதை இங்கேயே நினைவிற் கொள்வது நல்லது.) அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது காற்றின் அலைவால் இது சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெறிப்பதைக் கண்டு, ஏதோ விமானம் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. ஆனால் அந்த வேடிக்கை நமது வளிமண்டலத்தின் கைவண்ணமே அன்றி, சிரியஸுக்கு உரியதன்று. அதன் உண்மையான சிறப்பு அதன் துணையில் இருக்கிறது. சிரியஸின் பாதை தள்ளாடுவதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1844இல் செருமானிய வானியலாளர் பெசல் கணித்தார். 1862இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதிக்கையில் அதைக் கண்டார். பின்னாளில் அது ஒரு வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன், என்று தெரிந்தது. அருமையான வரலாறுதான், எனினும் அதில் வெறும் கண்ணுக்கு ஒரு பங்கும் இல்லை. மேலும், சிரியஸ் பிரகாசமாகத் தோன்றுவதற்கு 8.6 ஒளியாண்டுகள் என்னும் அண்மையே பெருங்காரணம். அதற்கு அடுத்த பிரகாசமுள்ள அகத்தியர் விண்மீன், அதாவது கனோபஸ், ஏறத்தாழ 310 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்துகொண்டே −0.74 என்னும் பொலிவெண்ணுடன் ஒளிர்கிறது. சொந்த ஒளியின் வலிமையில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆயினும் வடக்கு அட்சரேகை 37 பாகைக்கு மேல் வசிப்பவர்களுக்குக் கனோபஸ் எழுவதே இல்லை என்பதால், அதை எல்லோருக்கும் பரிந்துரைக்க வழியில்லை.

துருவ மீனையும் சுவாதியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சுவையானது. ஒன்று நிலைத்திருப்பதற்குப் பெயர் பெற்றது, மற்றது ஓடுவதற்கு. துருவ மீன் மிகப் பிரகாசமானது என்ற நம்பிக்கை எப்படியோ பரவியிருக்கிறது. உண்மையில் அது இரண்டாம் பொலிவெண் கொண்ட, பிரகாச வரிசையில் நாற்பதுக்கும் பின்னால் நிற்கும் விண்மீன். அது முற்றிலும் அசையாததும் அன்று. வான துருவத்திலிருந்து சுமார் மூன்றில் இரண்டு பாகை விலகி இருப்பதால், நாள்தோறும் ஒரு சிறு வட்டம் இடவே செய்கிறது. அடிவானத்திலிருந்து அதன் உயரம் பார்ப்பவரின் அட்சரேகையை ஏறத்தாழச் சொல்லிவிடும் என்பது கண்ணால் பெறக்கூடிய உண்மையான பயன். ஆனால் வழிகாட்டிப் பலகையிடம் நன்றி பாராட்டலாம், நேசம் கொள்வது கடினம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சென்றுவிட்டால் அந்தப் பலகையும் மறைந்துவிடும்.

சுவாதியின் நிலை வேறு. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், வான நடுக்கோட்டுக்கு வடக்கே உள்ளவற்றில் மிகப் பிரகாசமான இந்த இளஞ்செம்மஞ்சள் விண்மீனில் பார்வை போய் முட்டும். 37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இது சூரியனைவிட ஏறத்தாழ 25 மடங்கு விட்டமுள்ள, முதிர்ந்த பெருமீன். பழங்காலக் கிரேக்கர் குறித்துவைத்த இடத்திலிருந்து சிரியஸ், சுவாதி, ரோகிணி ஆகியவை விலகியிருப்பதை 1718இல் எட்மண்ட் ஹேலி எடுத்துக்காட்டியபோதுதான், நிலையானவை எனப்பட்ட விண்மீன்களும் நகர்கின்றன என்பது உறுதியாயிற்று. சுவாதி ஆண்டுக்கு 2.3 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நகர்கிறது. முழு நிலவின் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 800 ஆண்டுகள் தேவை. 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் விளக்குகளை இதன் ஒளியைக் கொண்டே ஏற்றினார்கள். அதே நகரில் 1893இல் நடந்த முந்தைய கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி என்று அன்று நம்பினார்கள். தொலைவு துல்லியமாகத் தெரிந்த பின் அந்தக் கணக்கு மூன்று ஆண்டுகள் பிசகியது. நல்ல கதைக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சுவாதியின் நிறத்துக்காகவே அதைத் தேர்வு செய்பவர்களோடு நான் சண்டையிட மாட்டேன். ஆனால் அதன் ஓட்டத்தை ஒரு மனித ஆயுளில் எந்தக் கண்ணாலும் காண இயலாது. நாம் காண்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் அசையாத தோற்றத்தையே.

இங்கிருந்துதான் போட்டி உண்மையில் தொடங்குகிறது. மாற்றத்தை நம் கண்ணுக்கே காட்டுபவை மிகச் சிலவே. அவற்றுள் திருவாதிரை எனப்படும் ஆதிரையும், பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தின் அல்காலும் தலையாயவை. (திமிங்கிலக் கூட்டத்தின் மீரா இன்னும் பெரிய மாற்றம் காட்டும், ஆனால் சுமார் 332 நாள் சுழற்சியில் பெரும்பகுதி அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவதால், வராத விருந்தாளியைப் பிடித்தவர் என்று சொல்வது போலாகும்.)

ஆதிரை, ஓரியனின் தோளில் உள்ள சிவப்பு மீப்பெருமீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதை வரை விழுங்கிவிடும் அளவுக்குப் பருத்தது. 1920இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கல்சனும் பீஸும் இதன் கோண விட்டத்தை அளந்தனர். சூரியனைத் தவிர்த்து ஒரு விண்மீனின் அளவு நேரடியாக அறியப்பட்டது அதுவே முதன்முறை. ஆனால் நமது அளவுகோலின்படி இதற்கு மதிப்பெண் தருவது 2019 இறுதியில் தொடங்கிய மங்கல். வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் பொலிவெண் 2020 பிப்ரவரியில் சுமார் 1.6ஐத் தொட்டது. மறுதோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸுக்கு ஆதிரை சமமாகிவிட்டதை எந்தக் கருவியும் இன்றி யார் வேண்டுமானாலும் கண்டிருக்கலாம். வெடிக்கப்போகிறது என்ற பேச்சும் எழுந்தது. விண்மீனே வெளியே தள்ளிய பொருள் குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஆதிரை ஒரு நாள் வெடிக்கும் என்பது உறுதி. ஆனால் அடுத்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் என்ற அளவில்தான் அதைச் சொல்ல முடியும்.

அல்காலின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அரபியில் ‘பேயின் தலை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இது, 2.1 பொலிவெண்ணில் சாதுவாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 3.4 வரை மங்கி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளிக்கு இறங்கி, மீண்டும் ஏறிவிடும். இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து சுமார் 10 மணி நேரம். 1783இல் இந்த ஒழுங்கை இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்கு எழுதி அறிவித்தவர் ஜான் குட்ரிக், வயது 18, குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்தவர். இருண்ட பொருளொன்று விண்மீனைச் சுற்றிவந்து மறைக்கிறதோ என்று அவர் முன்வைத்த ஊகம் சரியே என்பதை, 1889இல் செருமானிய வானியலாளர் வோகல் நிறமாலை கொண்டு நிறுவினார். குட்ரிக் 21 வயதில் இறந்துபோனார். அவர் வைத்திருந்த முதன்மைக் கருவி கண். ஒப்பிட்டது அண்டை விண்மீன்களோடு. அதே முறையை இன்றும் மாற்றாமல் செய்யலாம் என்பதே அல்காலை எனக்கு நெருக்கமாக்குகிறது.

ஒப்பீட்டுக்கு இரண்டு விண்மீன்கள் போதும். ஆந்திரோமெடாவின் அலமாக், அல்காலின் வழக்கமான பிரகாசத்துக்குச் சமமானது. பெர்சியஸின் எப்சிலன் 2.9 பொலிவெண் கொண்டது. இரண்டு முறை மேகத்தால் ஏமாந்த பிறகு, மூன்றாவது முறை முன்னிரவில் அலமாக்கோடு ஒத்திருந்த அல்கால் நான்கு மணி நேரத்தில் எப்சிலனுக்கும் கீழே போயிருந்ததைக் கண்டேன். இடைப்பட்ட எந்தக் கணத்திலும் அது மங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றவில்லை. அரை மணிக்கு ஒருமுறை குறித்துவைத்த தாளைப் பார்த்துத்தான் நம்பினேன்.

ஆக, ஆதிரை நமக்குத் தந்தது எதிர்பாராத அதிர்ச்சி. அல்கால் தருவது சொன்ன நேரத்துக்கு வரும் மங்கல். அழகிலும் நிறத்திலும் ஆதிரைக்கே என் வாக்கு. ஆயினும் அத்தகைய மங்கலை இன்னொரு முறை காண எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அல்கால் மூன்று நாளைக்கு ஒருமுறை வாய்ப்புத் தருகிறது. எனவே என் தேர்வு அல்கால். தென்கோளத்தில் வெகு தெற்கே வாழ்பவர்களுக்கு அது எழாது, அல்லது அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் தயங்காமல் ஆதிரையைக் கொள்ளலாம், அது வான நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஏறத்தாழ எங்கும் நன்றாகத் தெரியும்.

அல்காலைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மங்கலுக்கும் மறு மங்கலுக்கும் இடையே மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவு. ஆகவே இன்று பின்னிரவு ஒன்றரைக்கு உச்ச மங்கல் என்றால், மூன்றாம் நாள் இரவு பத்தேகாலையொட்டி அது நிகழும். அதற்கடுத்தது இரவு ஏழு மணியளவில், வானம் முழுதும் இருளாத பொழுதில் வந்துவிடலாம். அதற்குப் பின் வருவன சில காலம் பகலில் கழிந்துவிடும். எனவே பத்தேகால் இரவைத் தவறவிடாமல், மாலையிலேயே அலமாக்கைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது உத்தமம்.