எந்நேரமும் 94: கிருஷ்ணகிரியில் மெஷ் ரூட்டர் வாங்கி ஏமாந்த கதை

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டுக்கு மெஷ் ரூட்டர் (வீடு முழுக்க வைஃபை எட்ட, பல பெட்டிகளை அங்கங்கே வைத்து இணைக்கும் செட்) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்களுக்கு 12,800 ரூபாய் போனது. பணத்தைவிட, மூன்று வாரம் நான் வேலையில் பட்ட அவமானம்தான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறது. முன்கட்டு என் மாமனாரின் அப்பா காலத்தது. இந்தப் பக்கத்துக் கருங்கல்லை வைத்துக் கட்டிய சுவர், ஒன்றரை அடி கனம். பின்கட்டும் மாடி அறையும் பிறகு கான்கிரீட்டில் எழுப்பியவை. நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன். மாடி அறைதான் என் அலுவலகம். ஃபைபர் இணைப்பு முன்கட்டு ஹாலில் இருக்கிறது, 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற இணைய வேக அளவு) பிளான். ஹாலில் வேகம் நன்றாக வரும். மாடிக்குப் போனால் வைஃபை கோடு ஒன்று வரும், ஒன்று போகும். அதனால்தான் மெஷ் வாங்கலாம் என்று முடிவெடுத்தோம்.

கிருஷ்ணகிரி டவுனில் இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருந்த ஒரு செட்டை எடுத்து வைத்தார். "மேடம், இது 1200 எம்பிபிஎஸ் மெஷ். உங்க பிளானே 300தான். நாலு மடங்கு தாங்கும். வீடு பூரா ஒரே ஸ்பீடு" என்றார். இதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். அந்தச் செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தது பிறகு உதவியது.

செட் 9,800 ரூபாய். மாடிக்குக் கேபிள் இழுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லி, கேட் 6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) வயர் 40 மீட்டர், மீட்டர் 45 ரூபாய் வீதம் 1,800. பொருத்துக்கூலி 1,200. பில் கேட்டதற்கு, மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, முத்திரை இல்லை. "பில் போட்டா வரி சேரும் மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம். நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான்.

மறுநாள் ஒரு பையன் வந்தான். ஒரு பெட்டி ஹாலில், ஒன்று மாடி அறையில், ஒன்று பின்கட்டுச் சமையலறையில். மாடிப் பெட்டிக்குக் கேபிள், சமையலறைப் பெட்டிக்குக் காற்றிலேயே இணைப்பு. போனில் கோடு முழுசாக நின்றது. "பாருங்கக்கா, ஃபுல் சிக்னல்" என்று காட்டிவிட்டுக் கிளம்பினான். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் போனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டும்தான். அந்தப் பெட்டிக்கு இணையம் எவ்வளவு வருகிறது என்று அது சொல்லாது.

ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மாடியில் நான் மீட்டிங்கில் இருக்கும்போது கீழே மாமா டிவியில் படம் போட்டு, பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்தால், என் முகம் அப்படியே உறைந்து நிற்கும். டீம் லீடர் எல்லோர் முன்னாலும், "உங்க நெட்டை முதல்ல சரி பண்ணுங்க, இல்லைன்னா ஆபீஸுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெங்களூருக்கு எங்கே போவது? வேகம் அளந்து பார்த்தால் மாடியில் 94, சில நேரம் 93. சமையலறையில் 12, 15. ஃபைபர் கம்பெனிக்கு இரண்டு முறை புகார் கொடுத்தேன். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "எங்க லைன்ல 300 ஃபுல்லா வருதும்மா" என்றார். அவர் சொன்னதை நான் அன்று நம்பவில்லை.

மாங்காய் சீசனுக்கு என் நாத்தனார் மகன் வந்திருந்தான். பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் ஹால் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்று வேகம் பார்த்தான். 94. பெட்டியை ஒட்டி நின்றும் 94. அப்புறம் லேப்டாப்பை ஃபைபர் பெட்டியிலேயே வயர் போட்டு இணைத்தான். 296. அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. மெஷ் பெட்டியின் காலி அட்டையைக் கொண்டுவரச் சொன்னான். முன்பக்கம் 1200 என்று கட்டைவிரல் அளவுக்குப் போட்டிருக்கிறது. அட்டையின் அடிப்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், போர்ட் (வயர் செருகும் சாக்கெட்) விவரத்தில் 10/100 என்று இருந்தது.

"அத்தை, இதுல இருக்கிற சாக்கெட்டே 100க்கு மேல போகாது. 300ஐ விடுங்க, 1000 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் உள்ள 100தான் நுழையும். அதுல டேட்டாவோட கூடவே போற முகவரி மாதிரி விவரம் எல்லாம் போக மிச்சம் 94" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். 1200 என்பது பொய் இல்லை, ஆனால் அது இணைய வேகமும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கி 1200 என்று போடுகிறார்கள். அதுவும் ஏட்டளவில் உள்ள உச்சம். உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும் என்பதால், அந்தக் கூட்டுத்தொகை யார் கைக்கும் முழுசாக வந்து சேராது. காற்றில் எத்தனை போனாலும், ஃபைபர் பெட்டியிலிருந்து வயர் வந்து செருகும் அந்த ஒரு சாக்கெட் 100 என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மதகு எவ்வளவோ அவ்வளவுதானே வயலுக்கு வரும். 100 எம்பிபிஎஸ் அல்லது அதற்குக் குறைந்த பிளான் வைத்திருப்பவருக்கு அந்த செட் தாராளமாகப் போதும். 300 பிளான் என்று நாங்கள் சொன்ன பிறகும் அதை எங்கள் தலையில் கட்டியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சமையலறைக் கதை வேறு. அந்தப் பெட்டியை, ஹால் பெட்டியின் சிக்னல் சரியாக எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான் அந்தப் பையன். அதற்கே சோறு இல்லாதபோது அது நமக்கு என்ன பரிமாறும்? ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டுமாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. கருங்கல் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். இதோடு, இரண்டு அலைவரிசை மட்டுமே உள்ள மெஷ், முதல் பெட்டியோடு பேசுவதற்கும் நம் போனோடு பேசுவதற்கும் அதே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. அதிலேயே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே தனி அலைவரிசை வைத்த மூன்று பேண்டு மெஷ் வாங்கினால் இந்த இழப்பு குறையும். கேபிளே இழுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. எங்கள் பக்கத்துக் கல்வீடுகளுக்குக் கேபிள்தான் சரி.

மறுநாள் கடைக்குப் போனோம். வாங்கி 19 நாள் ஆகியிருந்தது. "சீல் உடைச்ச மாலை எடுக்க மாட்டோம். எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார். துண்டுச் சீட்டை நீட்டினேன். "இது எஸ்டிமேட்தானே மேடம், பில்லா?" என்று கேட்டார். கடையில் நின்ற நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் வேறு செட் வாங்கிவிட்டோம். இந்த முறை வைஃபை 6 என்ற புதிய தலைமுறை செட், இரண்டே பெட்டி, எல்லாப் போர்ட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். அட்டையில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று நானே விரல் வைத்துப் படித்தேன். ஜிஎஸ்டி பில்லோடுதான் வாங்கினேன். ஹாலில் பொருத்தினோம்: 290. சந்தோஷமாக மாடிக்கு ஓடினேன்.

மாடியில் 94.

எனக்குத் தலை சுற்றியது. புதுப் பெட்டியும் ஏமாற்றா என்று நினைத்தேன். நாத்தனார் மகனுக்கு வீடியோ கால் போட்டேன். "பெட்டி மாறிடுச்சு, வயர் பழசுதானே? பிளக்கைக் கிட்டக் காட்டுங்க அத்தை" என்றான். கேபிள் முனையில் இருக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பிளக்கைப் போன் கேமரா முன்னால் பிடித்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் உறைக்கு உள்ளேயே ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு கம்பி போதும். 1000 ஓட எட்டும் வேண்டும். பழைய பெட்டி 100தான் என்பதால் இது வெளியே தெரியவே இல்லை.

பிளக்கை மாற்றி எட்டையும் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "ஒரு கம்பியை உரிச்சு, கத்தியால சுரண்டிப் பாருங்க" என்றான். தேங்காய் கீறும் சின்னக் கத்தியை எடுத்து மெதுவாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டு சுரண்டலில் அது போய், உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளத்தது. அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும். முழுச் செம்பாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் அதே நிறம்தான் இருக்கும். கேட் 5இ, கேட் 6 என்று பெயர் போட வேண்டுமானால் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும் என்பது கேபிள் தரவிதி. இந்தப் பூச்சுக் கம்பி நாலு தடவை மடங்கினால் முறிந்துவிடும். விரலால் மடக்கிப் பார்த்தேன், முறிந்தது. அந்த வயரை மீட்டர் 45 ரூபாய்க்கு கேட் 6 என்று விற்றிருக்கிறார்கள். அதோடு, 230 வோல்ட் கரண்ட் போகும் அதே பைப்பில் திணித்தும் வைத்திருந்தான். அது வேகத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

அடுத்த நாளே 1915க்குக் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பில் கொடுக்க மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம்தான். தரத்தைப் பற்றி வாயால் பொய் சொல்வதும் அதே கணக்குத்தான், எழுத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கும் கெடு பில்லில் போடவில்லை என்றால் 30 நாள். நான் போய் நின்றது 19ஆம் நாள். இதையெல்லாம் எழுதி, வாட்ஸ்அப் செய்தி, சீட்டு, சுரண்டிய கம்பியின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு 7,000 தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டோம், ஆனால் முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடச் சொன்னபோது மறுத்துவிட்டேன். வயர்க் காசும் கூலியும் தர முடியாது என்கிறார்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே மெஷ் இருந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். 100க்கு மேற்பட்ட பிளான் வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் 93, 94லேயே நிற்கிறது என்றால், போர்ட்டோ கேபிளோ 100இல் மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடையில் 1200, 1800 என்ற எண்ணைக் கேட்காதீர்கள், போர்ட் கிகாபிட்டா என்று கேளுங்கள். கேபிளைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லிச் சுரண்டிப் பாருங்கள். நல்ல வயர் விற்பவர் கோபப்பட மாட்டார். புதிதாக வயர் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன், நான் கேட்பதற்கு முன்பே சுரண்டிக் காட்டினார். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு அறையிலும் கோட்டைப் பார்க்காமல் வேகத்தை அளந்து பாருங்கள், பொருத்த வந்தவர் கூடவே நிற்கட்டும்.

இப்போது மாடியில் 286 வருகிறது. பழைய வயரில் ஒரு முழம் வெட்டி, அந்த எஸ்டிமேட் சீட்டோடு ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த அளவுத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த வாரம் மனு கொடுக்கிறோம், அந்தக் கவரும் கூடவே போகிறது.