தைராய்டு சந்தேகமா? சுங்கை சிப்புட்டில் ரத்தப் பரிசோதனை எங்கே செய்வது?

தோட்டத்துப் பெண்கள் அசதி என்று சொன்னால் "வேலை அதிகம், வயசாகுது" என்ற பதில்தான் வரும். கூடவே எடை ஏறி, முடி கொட்டி, மலச்சிக்கலும் வந்து, விடியற்காலைக் குளிர் முன்பு போலத் தாங்கவில்லை என்றால், கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியின் வேலை குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் பெக்கா பி40 இலவசப் பரிசோதனை செய்தாகிவிட்டது, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். தைராய்டு அதில் சேராது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். டாக்டரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்கும். காத்திருக்க வேண்டும், அரைநாள் சம்பளம் போகலாம். பெரும்பாலும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மட்டும்தான் முதலில் எழுதுவார்கள். அதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். தைராய்டு சோர்ந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்ட டிஎஸ்எச்சைக் கூட்டும். அது சுமார் 0.4 முதல் 4 வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு காரணமில்லை. கூடியிருந்தால், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அளவைப் பார்க்காமல் விடக் கூடாது. டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை.

விரட்ட வேண்டிய பிட்யூட்டரியே பழுதானால் கதை வேறு. டிஎஸ்எச் நார்மலாகத் தெரியலாம், டி4 குறைந்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அதன் பிறகு தாய்ப்பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் போனவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். அவர்களுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டவுனில் உள்ள தனியார் கிளினிக்கில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும் ஒரே தடவையில் கேட்டு வாங்கலாம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், ஊசி குத்துமுன் கேட்டுவிடுங்கள். ஆனால் பலருக்கு மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவைப்படும், தோட்டச் சம்பளத்தில் அதைத் தனியாரில் வாங்குவது பாரம். ரிசல்ட்டின் நகலோடு அரசாங்க கிளினிக்குக்குப் போவதே நல்லது.

லேப்களின் 'முழுத் தைராய்டு பேக்கேஜ்' எனக்குப் பிடிக்கவில்லை. தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 நோய் முற்றும்வரை நார்மலாக இருக்கக் கூடியது, அதன் செயல்படாத வடிவமான ரிவர்ஸ் டி3 இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவாது. அதில் உருப்படியானது டிபிஓ ஆன்டிபாடி. நம் உடலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோவை அது காட்டும், ஒரு தடவை பார்த்தால் போதும். கழுத்தைத் தொட்டுப் பார்க்க லேபில் டாக்டர் இருக்க மாட்டார் என்பதும் உண்டு.

ஈப்போ ஸ்பெஷலிஸ்ட் முதல் படி இல்லை. பிட்யூட்டரி சந்தேகம், கழுத்தில் கட்டி, மாத்திரை அளவு சரிப்படாத நிலை, இவற்றுக்குத்தான். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் 5 ரிங்கிட். கர்ப்பிணிகள் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் தாய்சேய் கிளினிக்கில் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே என் வரிசை: அறிகுறிகளைத் தாளில் எழுதிக்கொண்டு முதலில் அரசாங்க கிளினிக். அங்கே டி4 கேட்டும் கிடைக்கவில்லை, உடம்பும் தேறவில்லை என்றால் தனியார். எங்கே போனாலும் ரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இதே அசதியைத்தான் தரும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ரிசல்ட் தவறாக வரலாம்.