27 அங்குல இழுப்புக்கு ஈஸ்டன் ஆக்சிஸ்: மிச்சிகன் மான் வேட்டைக்கு நான் எடுத்த அம்பு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் 50 முதல் 65 பவுண்டு வரை இழுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர் என்றால் ஈஸ்டன் ஆக்சிஸ் 5 எம்எம் தாராளமாக வாங்கலாம். ஆனால் கூட வரும் அலுமினிய இன்ஸர்ட்டை (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) ஓரமாக வைத்துவிட்டு, தனியாக விற்கும் 50 கிரெய்ன் பித்தளை இன்ஸர்ட்டைப் போடுங்கள் (கிரெய்ன் என்பது அம்பின் எடை அளவு, சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்). இனி எல்லாம் ஏன் எதற்கு என்ற கதைதான்.

இதை எழுத வைத்தவர் மிச்சிகனில் ட்ராய் ஊரில் இருக்கும் ஒரு தம்பி. புது வில் வாங்கிய கையோடு போன் பண்ணினார். "அண்ணே, 340 அடி வேகம் போற வில் வாங்கிட்டேன். இதுக்கு இருக்கிறதிலேயே லேசான அம்பு எதுண்ணே?"

விநாடிக்கு 340 அடி என்ற அந்த எண் எங்கே இருந்து வருகிறது தெரியுமா? வில்லை 70 பவுண்டில் வைத்து, 30 அங்குலம் இழுத்து, வெறும் 350 கிரெய்ன் எடையுள்ள அம்பை விட்டுப் பார்த்து எடுத்தது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு 30 அங்குலம் வரும்? இரண்டு கையையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். எனக்கு 27 அங்குலம். இழுப்பது 60 பவுண்டு. ஒரு அங்குலம் குறைந்தாலே விநாடிக்குப் பத்து அடி போய்விடும். பவுண்டு குறைந்தால் இன்னும் கொஞ்சம். கடையில் வேகம் அளக்கும் கிரோனோகிராஃப் முன்னால் நின்று விட்டபோது என் அம்பு 250 அடியை ஒட்டித்தான் வந்தது. தம்பியும் என் உயரம்தான்.

சரி, வேகம்தான் குறைவு, அம்பையாவது லேசாக்கிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அது நிற்காது. மரத்தில் உட்கார்ந்து நாம் விடுவது பெரும்பாலும் 20 கஜத்தில். அதாவது 60 அடி. 250 அடி வேகத்தில் அம்பு போய்ச் சேர கிட்டத்தட்ட 0.24 விநாடி. எடையில் 75 கிரெய்ன் குறைத்தால் வேகம் இருபது அடி சொச்சம் கூடும், நேரம் 0.22 விநாடியாகும். வில்லின் சத்தமோ 0.05 விநாடியிலேயே மானின் காதுக்குப் போய்விடும். காதில் விழுந்த கணமே மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அந்த 0.02 விநாடி நம்மைக் காப்பாற்றாது. சத்தம் குறைந்தால் காப்பாற்றும். கனமான அம்பு வில்லின் சக்தியை அதிகம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் சக்தி குறைவு என்பதால் வில் அதிராது, சத்தமும் அடங்கும். முன்பு என்னிடம் இருந்த ஒரு லேசான அம்பு (எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை) விட்டதும் வில் கையில் கிர்ரென்று நடுங்கும். பக்கத்து மரத்து அணில் கூடத் திரும்பிப் பார்க்கும். ஒரு பவுண்டு இழுப்புக்கு 5 கிரெய்னுக்குக் கீழே அம்பின் எடை போகவே கூடாது. அம்பில்லாமல் நாணை விட்ட மாதிரி வில்லுக்கு அடி விழும்.

இப்போது ஆக்சிஸுக்கு வருவோம். 5 எம்எம் என்பது தண்டின் உள்விட்டம். சாதாரண அம்பைவிடத் தண்டு மெலிசு, சுவர் தடிப்பு. இதைவிட மெலிந்த 4 எம்எம் தண்டுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வழக்கமான பிராட்ஹெட்டை (வெட்டும் அலகு வைத்த வேட்டை முனையை) மாட்ட வெளியே உட்காரும் தனி இணைப்பு வேண்டும், அது ஒரு தலைவலி. ஆக்சிஸில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் 8-32 அளவுத் திருகு மரையே போதும். மெலிசும் வேண்டும், வம்பும் வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் இடம்.

தண்டின் விறைப்பைச் சொல்லும் ஸ்பைன் எண்ணில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். 340 என்றால், தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் 0.340 அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் குறையக் குறைய அம்பு விறைப்பு. என் 60 பவுண்டுக்கும் 27 அங்குலத்துக்கும் அட்டவணை 400 தான் காட்டும். ஆனால் அட்டவணை 100 கிரெய்ன் முனையையும் சாதாரண இன்ஸர்ட்டையும் மனதில் வைத்துச் சொல்வது. முன்னால் எடை ஏற ஏற, நாண் தள்ளும்போது அம்பு அதிகம் வளையும். பித்தளை போட்டதால் நான் ஒரு படி விறைப்பாக 340 எடுத்தேன். காகிதத்தின் ஊடே விட்டுப் பார்த்தபோது கிழிசல் நேராக வந்தது, அதாவது அம்பு சாயாமல் போகிறது.

என் அம்பின் ஜாதகம் இது: 27 அங்குலத்துக்கு வெட்டிய 340 தண்டு, அங்குலத்துக்கு 9.5 கிரெய்ன். பித்தளை 50. பிராட்ஹெட் 100. பின்னால் மூன்று பிளேசர் வேன் (பிளாஸ்டிக் இறகு), ஒவ்வொன்றும் 6 கிரெய்ன். நாணில் மாட்டும் பின்முனைத் துண்டும் (நாக்) சேர்த்து மொத்தம் 435 கிரெய்ன் பக்கம், நம் கணக்கில் 28 கிராம். 250 அடி வேகத்தில் இது 60 அடி-பவுண்டு சக்தி. ஈஸ்டனின் சொந்த அட்டவணைப்படி மானுக்கு 25 முதல் 41 வரை இருந்தாலே போதும். 42-லிருந்து 65 வரை எல்க், கருங்கரடிக்கு. ஆக, கை குட்டை என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

பிளேசர் வேன் செய்யும் போனிங் கம்பெனி இங்கேயே லேக் சிட்டியில் இருக்கிறது. என் பிராட்ஹெட் மான்டெக். அதைச் செய்யும் ஜி5 கம்பெனியும் மிச்சிகனில் மெம்ஃபிஸ் என்ற சிற்றூரில்தான். ஒரே உலோகத் துண்டில் மூன்று அலகு. சாணைக்கல்லில் படுக்க வைத்தால் இரண்டு அலகு ஒன்றாகக் கல்லில் உட்காரும். அப்படியே தள்ளி, திருப்பி, தள்ளி, சமையல் கத்தி தீட்டுகிற வேலைதான். பிராட்ஹெட் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பது மாநில விதி, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்று சொன்னால் வேலை கொஞ்சம் அதிகம். இன்ஸர்ட் தண்டுக்குள் முழுசாக மறைந்து உட்காரும் அமைப்பு இது. அதனால் பிராட்ஹெட்டின் அடி நேரே கார்பன் விளிம்பின் மேல் நிற்கும். வெட்டு இம்மி சாய்ந்திருந்தாலும் பிராட்ஹெட் சாய்ந்துதான் நிற்கும். விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கி, மை பூசிப் பார்த்து, மை முழுசும் போகும்வரை தேய்க்க வேண்டும். உள்ளே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, எபாக்சி தடவி, சுழற்றிக்கொண்டே தள்ளி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். சூட்டில் இளகும் பசையைப் போட்டு அடுப்பில் காட்டும் பழக்கம் அலுமினிய அம்போடு போகட்டும். கார்பன் சூடு தாங்காது. கல்லில் பட்டால் விளிம்பு பிளக்காமல் இருக்க ஒரு சின்ன காலரும் போட்டுக்கொள்ளலாம், அது தனிக் காசு. பொறுமை இல்லாதவர்கள் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆறு அம்புக்குத் தொண்ணூறு டாலர் அளவில் கொடுத்தேன். சாதாரண ரகத்தில் தண்டு எவ்வளவு நேர் என்ற அளவு ±0.003 அங்குலம்; ±0.001 ரகம் இன்னும் விலை. 30 கஜத்துக்குள் விடுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது என் எண்ணம். அந்தக் காசில் இன்னொரு பாக்கெட் பிராட்ஹெட் வாங்கலாம்.

கார்பன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒன்றை விடாதீர்கள்: விடும் முன் ஒவ்வொரு தடவையும் அம்பைக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் அங்கேயே முறித்துப் போடுங்கள். வில்லில் வெடித்தால் சிராய் கையில்தான் ஏறும். அதே சிராய் கறியிலும் இருக்கும். என் வீட்டில் கறியைத் தொடும் முன் கேட்கும் முதல் கேள்வி, "என்னங்க, அம்பு முழுசா இருக்கா?" உடைந்திருந்தால் காயத்தைச் சுற்றி ஒரு கையளவு கறி குப்பைக்கு. மிளகுப் பொடி என்று நினைத்து விழுங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை அங்கே குற்றம். உங்களுக்கு இந்த அம்பு இலக்குப் பலகைக்கு மட்டும்தான், அதற்கு இதைவிட விலை குறைந்தது போதும். இங்கே புதிதாகத் தொடங்குகிறவர் 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் வழக்கமான லைசென்ஸ் கிடைக்காது. அம்புக்கு முன் அதை முடியுங்கள்.

45 பவுண்டுக்குக் கீழ் இழுக்கிறவர்களுக்கு என் கலவை பொருந்தாது. அவர்கள் 500 ஸ்பைன் எடுத்து, பித்தளையை விட்டுவிட்டு அலுமினியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தம்பிக்கு 400 சொல்லியிருக்கிறேன், அவர் இழுப்பது 52 பவுண்டுதான். வில் சீசன் அக்டோபர் 1-ல் தொடங்கிவிடும். வெட்டி, ஒட்டி, காயவைத்து, பிராட்ஹெட்டும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில் விழும்வரை வில்லில் அம்பு தங்கும் ரெஸ்ட்டை நகர்த்தி முடிக்கவே வாரக் கணக்கில் ஆகும். ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள்.