சயனோடைப்பா, ஜெல் டிரான்ஸ்ஃபரா? போர்ட்ஃபோலியோவுக்கு எது தாங்கும்?

எடுத்த புகைப்படத்தை அப்படியே பிரின்ட் போட்டு ஒட்டாமல் அதன்மேல் வரையலாம், தைக்கலாம் என்று இறங்கும்போது முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பிரின்டின் மேலேயே வண்ணம் தீட்டலாம். லேசர் பிரின்டில் இருக்கும் படத்தை ஜெல் மீடியம் (அக்ரிலிக் பெயின்டோடு கலக்கும் நிறமற்ற பசை) வைத்து வேறு தாளுக்கு மாற்றலாம், இதுதான் ஜெல் டிரான்ஸ்ஃபர். அல்லது ரசாயனம் பூசிய தாளை வெயிலில் வைத்து சயனோடைப் என்னும் நீல அச்சு போடலாம். கவின்கலைக் கல்லூரி நேர்முகத்தில் காட்ட வேண்டிய போர்ட்ஃபோலியோவுக்காக, அதாவது நம் படைப்புகளை அடுக்கிய ஃபோல்டருக்காக, சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படங்களை வைத்து மூன்றையும் செய்து பார்த்தேன். கடைசியில் ஃபோல்டருக்குள் போன 12 தாள்களில் 9 சயனோடைப். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

பிரின்டின் மேல் தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றிய ஸ்டுடியோக்கள் நம் ஊர்களிலேயே இருந்தன. பளபளப்புத் தாளில் வாட்டர் கலர் நிற்காமல் முத்து முத்தாகத் திரளும். சாதாரண இங்க்ஜெட் பிரின்டில் ஈரத் தூரிகை பட்டால் மையே கசியும். லேசர் பிரின்டில் கலர் பென்சிலும் அக்ரிலிக்கும் ஓரளவு பிடிக்கும். நாள் நெருங்கிவிட்டால் இது கைகொடுக்கும், அவ்வளவுதான்.

ஜெல் டிரான்ஸ்ஃபர் அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. ஜெராக்ஸ் கடையில் படத்தை இடம்வலமாகத் திருப்பி லேசர் பிரின்ட் எடுக்க வேண்டும். தாளில் அக்ரிலிக் ஜெல் தடவி, பிரின்டைக் கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும். மறுநாள் பின்பக்கத்தை நனைத்து விரலால் தேய்த்தால் காகிதம் மாவு மாவாக உருண்டு வரும், படம் மட்டும் ஜெல்லில் தங்கிவிடும். நனைந்திருக்கும்போது பளிச்சென்று இருந்த படம், காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். மிச்சம் ஒட்டியிருக்கும் நார்தான் காரணம். மூன்று நான்கு தடவை நனைத்துத் தேய்த்தால்தான் போகும். ஆனால் இதில் வண்ணம் கிடைக்கிறது. படகின் ஓரத்தில் உரிந்து கிடக்கும் பச்சை பெயின்டை அதன் நிறத்திலேயே காட்ட வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு ஏன் விட்டேன்? ஒட்டிக்கொள்வதால். மே மாதம், மூன்று டிரான்ஸ்ஃபர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபோல்டரில் வைத்து ஒரு வாரம் திறக்கவில்லை. திறந்தபோது இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தும் படகின் முன்பகுதி அடுத்த தாளோடு போய்விட்டது. அக்ரிலிக் என்பது அடிப்படையில் ஒரு பிளாஸ்டிக் படலம். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், நம் வெயிலிலும் கடற்கரை ஈரத்திலும் இளகும். மேலே பாரமும் சேர்ந்தால் இரண்டு படலங்கள் ஒன்றாகிவிடும். இடையில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாளை வைத்தால் தப்பிக்கலாம், நானும் வைத்தேன். ஆனால் நேர்முகத்தில் தாள்களை எடுத்துப் பார்ப்பவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டிருக்க முடியாது. போர்ட்ஃபோலியோ சுவரில் தொங்கும் படம் அல்ல, மாதக்கணக்கில் அடுக்கிக் கட்டி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற பொருள். அதனால் எனக்கு இந்த ஒரு குறையே போதுமானதாக இருந்தது.

சயனோடைப்பில் படம் தாளின் மேல் உட்காருவதில்லை, தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கழுவிக் காய்ந்த பிறகும் அது வெறும் தாள்தான். அடுக்கினால் ஒட்டாது. மேலே பென்சில் ஓடும், வாட்டர் கலர் பிடிக்கும், ஊசியும் இறங்கும். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேராகத் தாளில் வைத்து அச்செடுக்கத் தொடங்கினார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு வலை ஞாபகம் வந்தது.

பச்சை நிற ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை வேறு 100 மில்லியிலும் தனித்தனியே கரைத்து வைக்க வேண்டும். பூசும்போது மட்டும் சம அளவு கலந்தால் போதும். ஏ4 தாளுக்கு 3 மில்லி பிடிக்கிறது, ஆக 60 தாள்களுக்கு மேல் வரும். கையுறை போடுங்கள். ஃபெர்ரிசயனைடைச் சூடாக்கவோ கடும் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது. மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். நெகட்டிவ்வை, அதாவது கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய படத்தை, ஓ.எச்.பி. ஷீட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் எடுக்கலாம். லேசர் மை அவ்வளவு அடர்த்தியாக இருக்காது என்பதால் இரண்டு ஷீட்களைச் சரியாகப் பொருத்தி ஒட்டிக்கொண்டேன்.

வலை பழுது பார்க்கும் ஒருவரின் கைகள்தான் படம். பூசிய தாளின் மேல் வைத்த அந்த நெகட்டிவ்வுக்குப் பக்கத்தில் ஒரு முழம் கிழிந்த கயிறு வலையை விரித்து, கண்ணாடி வைத்து மொட்டை மாடி வெயிலில் 8 நிமிடம் வைத்தேன். மஞ்சள் பச்சை மெல்லக் கறுத்து, வெண்கலச் சாம்பலாக மாறியதும் எடுத்துக் கழுவினேன். நீலத்தில் கைகள் தெரிந்தன, அவற்றிலிருந்து வெள்ளையாக வலை முடிச்சுகள் கிளம்பிப் போயின. கிழிந்த இடத்தை மட்டும் பிறகு சிவப்பு நூலால் தாளிலேயே தைத்தேன். நேர்முகத்தில் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்தது இந்தத் தாளைத்தான்.

குறைகள் உண்டு. நிறம் நீலம் மட்டும்தான். சோப்பு, சோடா போன்ற காரத்தன்மை உள்ளது எதுவும் ஆகவே ஆகாது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கழுவியபோது மென்மையான சாயல்கள் எல்லாம் போய்விட்டன. முதல் கழுவலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்த பிறகுதான் சரியானது. நாள் முழுக்க வெளிச்சம் படும் இடத்தில் மாட்டினால் வெளுக்கும், இருட்டில் வைத்தால் பெரும்பாலும் நீலம் திரும்பும். சலவை சோடாவில் வெளுத்து டீ டிகாஷனில் ஊறவைத்தால் பழுப்பாகும் என்பதை இரண்டு தாள்களில்தான் செய்தேன். ஒன்று நன்றாக வந்தது, இன்னொன்று முழுக்கக் கறை. அதனால் இதை நம்பி ஒரு தொடரையே திட்டமிடச் சொல்ல மாட்டேன். டிரான்ஸ்ஃபரை மரப்பலகையில் ஒரே ஒரு முறை செய்தேன். அங்கே அடுக்கும் தொல்லை இல்லாததால் என் முடிவு அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

அந்தப் பச்சைப் படகுக்காக டிரான்ஸ்ஃபர் ஒன்றை மட்டும் நானும் வைத்துக்கொண்டேன். ஃபோல்டரில் கடைசித் தாளாக, முகம் மேலே பார்க்க, மேலே கேக் தாள் ஒன்று விரித்து.