ஜிடிஓவின் ஐட்லிங்: குவாட்ராஜெட் கார்புரேட்டருடன் ஏழு ஆண்டுகள்

1968ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ ஒன்றை மிச்சிகனில் ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 400 கன அங்குல வி8 எஞ்சின், ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், மூன்று கியர் ஆட்டோமேட்டிக் என எல்லாம் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கின்றன. இத்தனை காலத்தில் என்னை மிகவும் அலைக்கழித்தது இதன் ஐட்லிங்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் விதம்.

வாங்கிய புதிதில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை ஒரு பட்டறையில் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து வாங்கினேன். திரும்பி வந்த வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குலுங்கியது. கண் எரியும் அளவுக்குப் பெட்ரோல் வாடை வீசியது. கார்புரேட்டரின் முன்பக்க அடியில் உள்ள ஐட்லிங்கில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் இரண்டு கலவைத் திருகுகளையும் மாற்றி மாற்றித் திருகினேன்; முழுவதும் உள்ளே போன பிறகும் எஞ்சின் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. திருகு உள்ளே அமரும்போது எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது என்று பொருள். இதை உணர எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு மூடி நிற்கும் இடத்தை ஒட்டி, காற்று செல்லும் துவாரத்தின் சுவரில் குறுகலான நீளத் துளை ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தொடங்கும் வேளையில் பெட்ரோல் தருவதே அதன் வேலை. ஐட்லிங் வேகத்தைக் கூட்டுவதற்காக ஸ்பீடு திருகை அளவு மீறி முறுக்கியிருந்ததால், தகடு தேவைக்கு மேல் திறந்து, அந்தத் துளை எந்நேரமும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்படி முறுக்க நேர்ந்ததற்கும் காரணம் இருந்தது: இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரம், பின்தங்கியிருந்தது, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர் குழாய் வளைவில் வெடித்துக் காற்றை இழுத்தது. கலவைத் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது அதன் கூர்முனையில் மோதிரம் அணிவித்தாற்போல ஒரு வளையத் தழும்பு இருந்தது. யாரோ அதை வலிந்து இறுக்கியிருக்கிறார்கள். இரண்டையும் புதிதாக மாற்றினேன்.

இப்போது ஆண்டுதோறும் ஏப்ரலில், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவிய உப்பெல்லாம் மழையில் கரைந்த பிறகு, ஒரே வரிசையில்தான் செய்கிறேன். இருபது நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் முழுவதும் திறந்துவிட்டதா, அப்போது வேகத்தைக் கூட்டி வைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேமிலிருந்து த்ராட்டில் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் (வெற்றிட) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, என் எஞ்சினுக்கு ஒத்துவந்த 10 டிகிரியில் டைமிங்கை வைக்கிறேன். அடுத்து, கலவை எஞ்சினுக்குள் செல்லும் மேனிஃபோல்டில் வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜை மாட்டி, இரு திருகுகளையும் விரலுக்குத் தடை தெரியும்வரை மட்டும் உள்ளே செலுத்தி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குகிறேன். இரு திருகுகளையும் மாறி மாறி, முதலில் கால் சுற்று, பிறகு அரைக்கால் சுற்று. ஒவ்வொரு முறையும் எஞ்சின் நிலைபெறச் சற்றுப் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் காட்டுவது பழைய திருகலின் கணக்காகிவிடும். 15ஐ ஒட்டித் துடித்துக்கொண்டிருந்த முள் மெல்ல ஏறி 17 பாதரச அங்குலத்தில் நிற்கும். அதுவரை ஃபெண்டர் மேல் அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரும் ஓய்ந்துவிடும். கடைசியாக, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, என் மனைவி பிரேக்கை மிதித்தபடி கியரை டிரைவில் போட, 650 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 650 சுழற்சி) வேகத்தை நிறுத்துகிறேன். வேகத் திருகை அசைத்தால் கலவையை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், அந்தக் காலப் பெட்ரோலுக்கு அளவிட்ட துவாரங்களில் கலவை சற்று மெலிந்துவிடுகிறது. அதற்கு அரைக்கால் சுற்று கூடுதலாக விடுகிறேன். குவாட்ராஜெட்டின் அடியில் துளைகளை மூடியிருக்கும் சிறு அடைப்பான்கள் வழியே பெட்ரோல் கசிவதும் பலருக்குத் தெரிந்த குறை. நான்காம் ஆண்டில் அவற்றின் மேல் எபாக்ஸி பசை பூசியபின், பெட்ரோல் வடிந்துபோனதால் காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றும் தொல்லை நீங்கியது.

உண்மையான சோதனை ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம்தான். டெட்ராய்டிலிருந்து பான்டியாக் நகரம் வரை நீளும் அந்தச் சாலையில் வெயிலில் ஊர்ந்தபடி இரண்டு மணி நேரம் போனோம். ஒருமுறைகூட எஞ்சின் அணையவில்லை. வீடு திரும்பி, எரிதல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஏழு பிளக்குகள் இளம்பழுப்பு; அது நல்ல அறிகுறி. ஏழாம் சிலிண்டரின் பிளக்கில் மட்டும் எண்ணெய்க் கரி. அது கார்புரேட்டரின் பிழையாகத் தெரியவில்லை, எண்ணெயைத் தடுக்கும் வால்வு சீலாக இருக்கலாம். இந்தக் குளிர்காலத்தில் அதைத்தான் பிரிக்கப் போகிறேன்.