டீசல் பம்ப்பைக் கழற்றணும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

முந்தைய நாள் ராத்திரி லோடு இறக்கிவிட்டு ஒழுங்காக வந்து நின்ற லாரி. காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது, என்ஜின் நல்ல வேகத்தில்தான் சுற்றியது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகையாவது வரும், ஒன்றுமே வராவிட்டால் டீசலே போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வந்த மெக்கானிக் கேபினைச் சாய்த்தார், இரண்டு தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். "பம்ப் போச்சு சார், கழற்றி கேலிப்ரேஷனுக்கு அனுப்பணும், அதோட நாசிலையும் மாத்திடலாம்." பம்ப் என்றது டீசலை அழுத்தி என்ஜினுக்கு அனுப்பும் பம்ப், நாசில் அதை உள்ளே தூவும் முனை, கேலிப்ரேஷன் பம்ப்பின் அளவைச் சோதித்துச் சரிசெய்வது. டீசலைக் கையால் அடித்து ஏற்றும் ஹேண்ட் பம்ப்பில் கை வைக்கவில்லை, ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கவில்லை, என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவர் பாதியில் சிக்கி நிற்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நானும் வண்டி ஓடினால் போதும் என்று சரி சொல்லிவிட்டேன்.

பம்ப் போய்விட்டு வந்தது, நாசில் மாற்றினார்கள், வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. இரண்டு நாள் ஓயாமல் ஓட்டம், ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் லோடு கிடைக்காமல் ராத்திரி முழுக்க நின்றது, விடிந்தால் பழைய கதைதான். போன் செய்தால் "இப்போ வேற ஏதாவது போயிருக்கும் சார்" என்கிறார். கழற்றிய பழைய நாசில்களைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சாம்.

அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டேன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி, "எவ்வளவு நேரம் நின்னா இப்படி ஆகுது?" அதிலேயே பாதி தெரிந்துவிட்டது போல. ஹேண்ட் பம்ப்பை அடித்துப் பார்த்தார், எத்தனை அடி அடித்தாலும் இறுகவே இல்லை. ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரை நுரையாக வருகிறதே தவிர டீசல் தாரையாக வரவில்லை. ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி தெரியும் ஓஸ் வழியாக டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்ப்புக்கு நேராகக் கொடுத்தார். ஏர் எடுத்ததும், அதாவது லைனில் இருந்த காற்றை வெளியேற்றியதும், வண்டி பிடித்தது, ஓஸில் ஒரு குமிழிகூட இல்லை. பம்ப் மேல் தப்பில்லை, நாசில் மேல் தப்பில்லை, டேங்குக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில்தான் கோளாறு.

ஓஸ் கிளிப்புக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் தரையில் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. வண்டி நிற்க நிற்க லைனில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டாலும் இதே கதைதான் என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைந்து நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று இழுத்துக்கொண்டு பிறகு சரியானால், அது மூடியின் காற்றுத் துளை அடைப்பு. அதற்கும் பம்ப்பைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்களாம்!

என்னுடையது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. காமன் ரெயில் வண்டி (ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை) வைத்திருப்பவர்கள் டீசல் வருகிறதா என்று பார்க்க இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தவே கூடாது, அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் பிடிக்கவில்லை என்று விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது ஒன்றுதான்: பம்ப்பில் கோளாறு இல்லையென்றால் அந்த இரண்டு நாள் எப்படி ஓடியது? பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது எப்படியும் ஏர் எடுத்தாக வேண்டும், அதனால்தான் ஸ்டார்ட் ஆனது; ஓயாமல் ஓடியதால் டீசல் டேங்குக்கு இறங்க நேரம் கிடைக்கவில்லை. ஏர் எடுக்கிற இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. முதலில் வந்த மெக்கானிக் கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தேன், பம்ப், நாசில், கேலிப்ரேஷன், கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கிறது, 'ஏர் எடுத்தது' என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.