கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: மாத்திரையா, அறுவையா, ஸ்டென்டா?

சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ ஒரு ஸ்கேன் சென்டரில் வாங்கிய டாப்ளர் ரிப்போர்ட் வீட்டுக்கு வருகிறது. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது பக்கக் கரோட்டிட் தமனியில் 70% அடைப்பு என்று அதில் இருக்கிறது. அன்று ராத்திரியே வீடு மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். உடனே ஆபரேஷன் என்பார் ஒருவர். இதயத்துக்கு வைப்பது போல ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்பார் இன்னொருவர். இந்த வயதில் கழுத்தில் கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்பார் மூன்றாமவர். மூன்று பேருமே அந்த 70ஐ வைத்துத்தான் வாதாடுகிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு: அறிகுறி ஏதாவது வந்ததா, வந்திருந்தால் எத்தனை நாள் ஆயிற்று?

ஒரே 70% அடைப்பு உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பொதுப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரிந்தது. மற்றவருக்குப் போன வாரம் இடது கை பத்து நிமிடம் செயலிழந்து, பிறகு தானாகச் சரியாகிவிட்டது. இரண்டாமவர் நிலையில் இருந்தவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த நாஸ்கெட் ஆய்வு 1991இல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம். முதலாமவர் நிலையில் இருப்பவர்களுக்கு, இன்றைய மருந்துகளோடு, ஆபத்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். ரிப்போர்ட்டில் எண் ஒன்றுதான், நோய் வேறு.

காரணம், ரத்தம் குறைவாகப் போவது இங்கே பெரும்பாலும் முதன்மைச் சிக்கல் அல்ல. தாடைக்குக் கீழே, கரோட்டிட் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்து ஓடுகிறது. கொழுப்பு அங்கேதான் படிகிறது. படிவின் மேல்மூடி கிழிந்தால் அதன் மேல் ரத்தம் உறையும். அந்த உறைவோ படிவின் துணுக்கோ பெயர்ந்து மூளைக்குள் போய் ஒரு சின்னக் குழாயை அடைத்துக்கொள்கிறது. பழைய இரும்புக் குழாயில் துரு பெயர்ந்து அடிபம்பில் சிக்குவது போல. பத்து நிமிடம் கை செயலிழந்தது என்றால், அங்கே மூடி பெரும்பாலும் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது என்று பொருள்.

எது அறிகுறி என்பதிலும் குழப்பம் அதிகம். வலது கரோட்டிட் என்றால் இடது கை, கால், முகம் பாதிக்கும். ஆனால் கண் மட்டும் அதே பக்கம், அதாவது வலது கண்ணில் திரை இறங்கியது போல இருட்டி, சில நிமிடங்களில் தெளியும். இடது கரோட்டிட் என்றால் வலது கை கால். பெரும்பாலோருக்குப் பேச்சும் சேர்ந்து குளறும். வெறும் தலைசுற்றல் இந்தப் பட்டியலில் இல்லை. தலைசுற்றலுக்காக டாப்ளர் எடுத்து அடைப்பு தெரிந்தால், அது அறிகுறி இல்லாத அடைப்பு என்றே கணக்கு. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் அவசர ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பவர்கள் உண்டு.

ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

டாப்ளர் அடைப்பை நேரடியாக அளப்பதில்லை, ரத்தத்தின் வேகத்தை அளக்கிறது. உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ. தாண்டினால் 50% அல்லது அதற்கு மேல், 230 தாண்டினால் 70% அல்லது அதற்கு மேல் என்பது பரவலான வழக்கு. எனவே சதவீதத்தோடு அந்த வேக எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தால் அதன் நிழலில் டாப்ளர் தடுமாறும். இன்னொரு சிக்கல், அளவுகோல் இரண்டு உண்டு: ஐரோப்பிய முறையில் 70 என்று வருவது நாஸ்கெட் முறையில் ஏறக்குறைய 50தான். எந்த முறை என்று கேட்பதில் தவறில்லை.

கத்தியோ ஸ்டென்டோ என்ற பேச்சு வந்துவிட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்காமல் முடிவுக்குப் போகக்கூடாது. நெஞ்சிலிருந்து குழாய் கிளம்பும் வளைவு எப்படி இருக்கிறது, மண்டைக்குள்ளும் அடைப்பு உண்டா என்பதை அதுதான் காட்டும். நம் நாட்டவருக்கு மண்டைக்குள் இருக்கும் குழாய்களில் அடைப்பு வருவது மேற்கத்தியரைவிட அதிகம். அங்கேதான் அடைப்பு என்றால் கழுத்தைத் திறந்து பயனில்லை. சாயம் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கரோட்டிட் 100% மூடிவிட்டிருந்தால் பொதுவாக அறுவையும் இல்லை, ஸ்டென்டும் இல்லை. இது பலருக்கு நம்ப முடியாத செய்தி. முழுதாக மூடிய குழாயிலிருந்து துணுக்கு மேலே போக வழி குறைவு. மூளைக்கு மறுபக்கக் குழாய்கள் வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும்.

மாத்திரை

மாத்திரையை மற்ற இரண்டுக்கும் போட்டியாக நிறுத்துவதே தவறு. அறுவை செய்தாலும் ஸ்டென்ட் வைத்தாலும் மாத்திரை உண்டு. கேள்வி, மாத்திரை மட்டும் போதுமா என்பதுதான்.

வழக்கமான பட்டியல்: ஆஸ்பிரின் 75 மி.கி., கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 40 முதல் 80 மி.கி., பிரஷர் மாத்திரை, சுகர் இருந்தால் அதற்கானது. மினி ஸ்ட்ரோக் (சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் பக்கவாத அறிகுறி) வந்து ஒரு நாளுக்குள் என்றால் ஆஸ்பிரினோடு, அதைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல்லும் சேரும். முதல் வேளை 300 மி.கி., பிறகு தினமும் 75, மொத்தம் 21 நாள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70க்குக் கீழே, பிரஷர் 130/80க்குக் கீழே என்பது இலக்கு. இரண்டு பக்கமும் கடுமையாக அடைத்திருப்பவருக்கு மட்டும் பிரஷரை ஒரேயடியாக இறக்கக்கூடாது.

மாத்திரை தோற்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். கொழுப்பு நார்மல் என்று ரிசல்ட் வந்ததும் ஸ்டாட்டினை நிறுத்திவிடுவார்கள். நார்மல் ஆனதே அதனால்தான். 21 நாளில் ஒற்றையாக்க வேண்டிய இரட்டை மருந்தைப் பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருடம் வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றில் ரத்தக்கசிவோடு வருவார்கள். மூன்றாவது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரையோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவது. அந்தப் பையில் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தட்டுவடை செட்டைத் தினசரி வழக்கத்திலிருந்து மாசத்துக்கு ஒருமுறையாக்கினால் உப்பு குறையும்; பீடிக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அறுவையும் ஸ்டென்டும்

அறுவையில் கழுத்தின் பக்கவாட்டில், சாய்ந்து ஓடும் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீறுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, குழாயின் மேலும் கீழும் கவ்வி போட்டு, நீளவாக்கில் திறந்து, படிவை உள்சுவரோடு உரித்து எடுக்கிறார்கள். பிறகு ஒட்டு வைத்துத் தைக்கிறார்கள். ஒட்டில்லாமல் தைத்தால் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். கவ்வி போட்டிருக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தம் குறைந்தால் தற்காலிகக் குழாய் ஒன்றைச் செருகுவார்கள். முழு மயக்கமா, கழுத்தை மட்டும் மரக்கச் செய்வதா என்பதில் முடிவுகளில் பெரிய வேறுபாடு இல்லை. பக்கத்தில் ஓடும் நரம்பு அடிபட்டால் நாக்கு ஒரு பக்கம் சாயும், உதட்டோரம் தொங்கும், குரல் கம்மும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். தையலுக்குள் ரத்தம் கசிந்து கழுத்து வீங்கினால் மூச்சுக்குழாயே அமுங்கும். எனவே முதல் ராத்திரி யாராவது கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டென்டில் தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாகக் கம்பி போகிறது. அடைப்பைத் தாண்டிக் குடை போன்ற வடிகட்டியை விரித்து, ஸ்டென்ட் என்ற உலோக வலையைத் திறந்து, பலூனால் விரிக்கிறார்கள். பலூன் ஊதும் நொடியில் இதயத்துடிப்பு சட்டென்று குறையலாம். துடிப்பை ஏற்றும் அட்ரோபின் கையில் இருக்கும். தழும்பு இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனால் நெஞ்சுக்கு மேலே வளைவு முறுக்கிக்கொண்டிருக்கும் முதியவருக்கு, அந்த வளைவில் கம்பி உரசும்போதே துணுக்கு பெயரலாம். வடிகட்டி விரிவதற்கு முன்பே இது நடந்துவிடும். ஸ்டென்டுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் சேர்ந்து கட்டாயம். பல் பிடுங்குவதற்காக அதை நிறுத்தினால் வலைக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வு இரண்டையும் 2,502 பேரிடம் நேருக்கு நேர் நிறுத்தியது. சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1%, அறுவையில் 2.3%. மாரடைப்பு தலைகீழ்: ஸ்டென்டில் 1.1%, அறுவையில் 2.3%. சமமாகத் தோன்றினாலும் சமம் அல்ல; பக்கவாதத்தின் சுவடு வாழ்க்கையில் அதிகம் தங்குகிறது. வயதும் திசையை மாற்றியது. எழுபதைச் சுற்றிக் கோடு விழுந்தது: அதற்குக் கீழே ஸ்டென்ட் ஈடுகொடுத்தது, மேலே அறுவை முந்தியது. வயதானவருக்குக் கத்தி வேண்டாம், ஸ்டென்ட் போதும் என்ற நம் உள்ளுணர்வுக்கு இது நேர் எதிர்.

ஆக, அறிகுறி வந்தவர், அடைப்பு 70 முதல் 99, வயது எழுபதுக்கு மேல் என்றால் எங்கள் சாய்வு அறுவைக்கே. 50 முதல் 69 வரை பலன் உண்டு, ஆனால் சிறியது. 50க்குக் கீழே மாத்திரைதான். ஸ்டென்டை முன்னால் வைக்க வேண்டியவர்கள்: கழுத்தில் முன்பு ரேடியேஷன் வாங்கியவர், முன்பே அதே இடத்தில் அறுவை ஆனவர், அடைப்பு தாடைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருப்பவர், இதயம் மயக்க மருந்தைத் தாங்காதவர்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு விடை இவ்வளவு தெளிவாக இல்லை. 2025இல் வெளியான கிரெஸ்ட்-2இல், 70 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்பிருந்தவர்களிடையே, நான்காண்டில் பாதிப்பு (தொடக்க நாட்களில் பக்கவாதமோ மரணமோ, பிறகு அதே பக்கத்தில் பக்கவாதம்) தீவிர மருந்து மட்டும் எடுத்த குழுவில் 6%, ஸ்டென்டையும் சேர்த்த குழுவில் 2.8%. தனியாக நடந்த அறுவைப் பிரிவில் அது 5.3%க்கு 3.7%, அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஸ்டென்டுக்குச் சாதகமான செய்திதான். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட கைகள். மாத்திரை மட்டும் எடுத்த நூறு பேரில் 94 பேருக்கு நான்காண்டும் அந்தப் பாதிப்பு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சேலத்தில் இருந்து பார்த்தால்

ஸ்டென்ட் கிடைப்பது எளிது, அறுவை செய்யும் கை கிடைப்பது அரிது. எனவே கிடைப்பதே சிறந்தது என்று காதில் விழும். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை கரோட்டிட் செய்கிறீர்கள், 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ எத்தனை பேருக்கு? அறிகுறி வந்தவர்களில் 6 சதவீதத்துக்குள், வராதவர்களில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் கோவையோ வேலூரோ சென்னையோ போவது வீண் அலைச்சல் அல்ல. ஆனால் நாள் எண்ணிக்கொண்டு போக வேண்டும்: அறிகுறி வந்த 14 நாளுக்குள் செய்தால்தான் முழுப் பலன். ஆடி கழியட்டும் என்று தள்ளினால், எந்த ஆபத்தைத் தடுக்கப் போகிறோமோ அதன் உச்ச நாட்கள் வீட்டிலேயே கழிந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் பட்டியலில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனிக் கணக்கு. கை இழுத்து வாய் கோணிவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் சேலத்து நெரிசலும் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும். மழையில் மண் சரிந்திருந்தால் குப்பனூர் பாதை எப்படி என்று முன்பே விசாரிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும் வாயில் ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம், சி.டி. எடுக்கும்வரை அது அடைப்பா கசிவா என்று யாருக்கும் தெரியாது.

அறுவையோ ஸ்டென்டோ முடிந்து டிஸ்சார்ஜ் ஆனதும் மலையேறிவிடவும் கூடாது. பல காலம் குறைவாக ரத்தம் பார்த்த மூளைக்குத் திடீரென்று முழு ரத்தம் பாய்வதால், முதல் வாரத்தில் அந்தப் பக்கம் கடும் தலைவலி, வலிப்பு, சில சமயம் மூளைக்குள் கசிவு வரலாம். பிரஷர் ஏறியிருந்தால் இன்னும் எளிதாக வரும். ஒரு வாரம் சேலத்தில் உறவினர் வீட்டிலேயே தங்கி, காலையும் மாலையும் பிரஷர் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு மருத்துவரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.